சில்லுக்காகச் சலித்த காற்று

மாலை ஐந்தரை.
குழாயைக் கவ்வி ஊதுகிறேன்.
சிவப்பு முள் முந்நூற்றுப் பத்தில் நிற்கிறது.
இன்னொரு தரம்: முந்நூறு.
மூன்றாவது, கொஞ்சம் கோபத்தோடு: முந்நூற்று முப்பது.
மூன்றில் பெரியதை எழுதினால் போதும் என்றாள் நர்ஸ்.
வேறெங்கும் எனக்குக் கிடைக்காத சலுகை.

பழுப்பு பம்ப், இரண்டு இழுப்பு.
நன்றாக இருக்கும் நாளிலும் இரண்டு இழுப்பு.
நன்றாக இருப்பதே அதனால்தான் என்பது
இரண்டாவது ஆம்புலன்சில்தான் புரிந்தது.
வாய் கொப்பளித்துத் துப்புகிறேன்.

நீல பம்ப் பையின் முன்னறையில்.
அதன் முதுகில் சின்னச் சாளரம்: 46.
மாதக் கடைசியில் பர்ஸைப் பார்ப்பதுபோல்
பார்த்துக்கொள்கிறேன்.

கீழே ஏழாம் மாதம்.
தகர டிரம்மில் ஊய் அம்மா
செத்தவர்களுக்குப் பணம் எரிக்கிறாள்.
காகித வீடு, காகித மெர்சிடிஸ்,
இந்த வருடம் ஒரு காகித ஏர்கோன்.
என் தலையைக் கண்டதும்
கம்பியால் டிரம்மை நெம்பி
காற்றுக்கு அந்தப் பக்கம் தள்ளுகிறாள்.
எங்களுக்குள் இருப்பது பாதி மலாய்,
அதில் இதற்கு நன்றி சொல்லத் தெரியவில்லை.
மூச்சைப் பிடித்தபடி கையசைத்துவிட்டு
ஓடுகிறேன்.

சுங்கை ஆராவிலிருந்து தொழிற்சாலை பஸ்.
சுமத்ரா புகையில்
பாலத்துக்கு மறுகரை இல்லை.
நோர் ஹயாத்தி, நான் கேட்காமலே,
ஜன்னலைச் சாத்துகிறாள்.

பவுடர் கூடாது. மை கூடாது.
வெள்ளை அங்கி, முகமூடி, இரட்டைக் கையுறை.
கண்கள் மட்டும் நான்.
கண்ணாடிக் கூண்டுக்குள் காற்று மழை
நாலாபுறமும் அறைந்து
வெளியுலகத்தை என்மேலிருந்து உதறுகிறது.

உள்ளே,
இந்தத் தீவிலேயே சுத்தமான காற்று
கூரையிலிருந்து நேராக இறங்குகிறது.
ஒரு தூசி விழுந்தால்
நகத்தளவு சில்லு செத்துப்போகும்.
அதற்காகச் சலித்த காற்று.
எனக்காக இல்லை.
நுரையீரலுக்கு அந்த ரோஷமெல்லாம் கிடையாது,
பன்னிரண்டு மணி நேரம்
வாங்கி வாங்கி வைத்துக்கொள்கிறது.

நீல பம்ப் மட்டும் உள்ளே வரக்கூடாது.
மருந்தும் இங்கே தூசிதான்.
அது லாக்கர் 218-இல்.
நடுவே மூன்று கதவு, ஒரு கூண்டு,
அங்கி கழற்ற நாலு நிமிடம்.
அந்த நாலு நிமிடம் எவ்வளவு நீளமென்று
மார்ச்சில் அளந்தேன்,
முழங்காலில், ஸிப்பின் பல் பல்லாக.

சூப்பர்வைசர் குவெக் மன்னிப்புக் கேட்கவில்லை.
ஒரு படிவம் கொண்டுவந்தான்.
டாக்டர் கடிதம், மூன்று கையெழுத்து.
இப்போது கடைசிக் கதவை ஒட்டி,
தீயணைப்பானுக்குப் பக்கத்தில்
மூடிய பெட்டியில் என் பம்ப்.
‘மங்களேஸ்’ என்று ஸ்டிக்கர், ‘வரி’யை விட்டுவிட்டான்.
திருத்தச் சொல்லவில்லை.
அந்த நேரத்தில் யார் பெயர் படிப்பார்கள்?
நீலம் தெரிந்தால் சரி.

போன மாதம் பெட்டியில்
இன்னொரு நீலம்.
அமிருல், மூன்றாம் லைன்.
ஏழு வருடமாக என் எதிரே நிற்கிறவன்.
ராத்திரி மூன்று மணிக்குத்
தண்ணீர் குடிக்கப் போய்வருகிறேன் என்பான்,
சோம்பேறி என்று நினைத்திருந்தேன்.
முகமூடிக்குள் யார் எப்படி மூச்சு விடுகிறார்கள்,
யாருக்குத் தெரியும்.

காலை ஏழரை.
வெளியே முதல் மூச்சை
மூக்கால், கொஞ்சமாக,
கடன்காரனிடம் வாங்குவதுபோல் வாங்குகிறேன்.

வீட்டில் தவமணி தலையணை உறைகளைக்
கொதிநீரில் போட்டிருக்கிறான்.
வெள்ளிக்கிழமை.
சாமிக்குச் சாம்பிராணி நின்று வருடமாகிறது,
மல்லிகை மட்டும், அதுவும் ஒரு முழம்.
சாமி ஒன்றும் சொல்லவில்லை.
‘ஊதினாயா?’ என்கிறான் அவன்.
பையைக்கூட இன்னும் இறக்கவில்லை.
குழாயைத் தேடுகிறேன்.